இலக்கம் இல்லாத காசு

அமெரிக்காவின் முதல் தங்கக் காசுகளில் அவற்றின் பெறுமதி எழுதப்படவில்லை. ஒரு பக்கம் தொப்பி போட்ட ஒரு பெண்ணின் தலை, அதற்கு மேலே 'லிபர்ட்டி' (சுதந்திரம்) என்ற சொல், பக்கங்களில் நட்சத்திரங்கள், கீழே ஆண்டு. மறுபக்கம் ஒரு கழுகும் நாட்டின் பெயரும். அவ்வளவுதான். ஐந்து டொலரா, பத்து டொலரா என்று சொல்ல ஓர் இலக்கமும் இல்லை. ஐந்து டொலர் காசில் 1795 தொடக்கம், 1807 இல் புது வடிவம் வரும்வரைக்கும் இப்பிடித்தான். பத்து டொலர் காசோ 1804 இல் நிற்பாட்டப்படும் வரைக்கும் ஒரு தடவைகூட தன் பெறுமதியைத் தன் உடம்பில் தாங்கியதில்லை.

மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் தங்கக் காசின் பெறுமதி எடையில் இருந்தது. பிலடெல்பியாவில் ஒரு வியாபாரியின் மேசையில் ஸ்பானியக் காசு, போர்த்துக்கேயக் காசு, பிரெஞ்சுக் காசு, இங்கிலாந்துக் காசு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். வெளிநாட்டுக் காசுகள் 1857 வரைக்கும் அமெரிக்காவில் சட்டப்படி செல்லுபடியாகின. வியாபாரி காசைத் தராசில் போடுவார், எந்தக் காசு என்ன மாற்று என்று பார்ப்பார், கணக்கை முடிப்பார். காசு தன்னைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, தராசு சொல்லும்.

எங்களுக்கு இது புதுசில்லை. எங்கட வீடுகளில் இப்பவும் தங்கத்தை எண்ணுவது பவுணில்தான். அந்தச் சொல்லே ஒரு காசிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் 'சொவறின்', ஒரு பவுண் பெறுமதியான தங்கக் காசு, எடை கிட்டத்தட்ட 8 கிராம். காசு புழக்கத்திலிருந்து போய்விட்டது, எடை மட்டும் எங்கட வாயில் மிஞ்சிவிட்டது. "அஞ்சு பவுணில ஒரு சங்கிலி" எண்டு சொல்லும்போது யாரும் இங்கிலாந்து அரசரை நினைப்பதில்லை. அமெரிக்கர்களின் ஐந்து டொலர் காசுக்கு 'அரைக் கழுகு' என்று பெயர். எடை 8.75 கிராம், அதாவது ஒரு பவுணுக்குக் கொஞ்சம் கூட. மாற்றும் அதே 22 கரட், நகைக்கடைக்காரர் 916 எண்டு சொல்லுகிற அதே தங்கம். பத்து டொலர் காசு 'கழுகு', 17.5 கிராம். இரண்டரை டொலர் காசு 'கால் கழுகு'.

ஆகவே இந்தப் பவுண் கணக்கோடுதான் நாங்கள் இந்தக் காசுகளைப் பார்க்கத் தொடங்கினோம். எங்களில் யாரும் இப்படி ஒரு காசை வாங்கப்போவதில்லை. எங்களிடம் இருப்பது ஏலப் பட்டியல்களும் பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய படங்களும்தான். ஒன்லைனில் அவை இலவசம். ஒருவர் கணக்கியல் படிக்கிறவர், ஒருவர் வரலாறு, மற்ற இரண்டு பேருக்கும் சும்மா ஆர்வம். முதல் நாளே ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டோம். 1822 ஆம் ஆண்டு அரைக் கழுகு ஒன்று 2021 மார்ச்சில் 84 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிருக்கிறது. உருக்கினால் அதில் 8 கிராம் சுத்தத் தங்கம் வரும். எங்கள் கணக்கியல் நண்பர் கேட்டார்: "சரி, எட்டுக் கிராமுக்கு மேல இருக்கிற மிச்சக் காசு எதுக்கு?"

இந்தக் கட்டுரை அந்த மிச்சத்தைப் பற்றியது.

1792 ஏப்ரலில் அமெரிக்கக் கொங்கிரஸ் ஒரு நாணயச் சட்டத்தை நிறைவேற்றியது. நாணயச்சாலை, டொலர், கழுகு எல்லாம் அந்தச் சட்டத்தில் பிறந்தவை. ஆனால் தங்கம் அடிக்க மூன்று வருடம் பிடித்தது. தங்கத்தையும் வெள்ளியையும் கையாளப்போகும் அதிகாரிகள் ஆளுக்குப் பத்தாயிரம் டொலர் பிணை கட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னது. அவ்வளவு காசு அவர்களிடம் இல்லை. பிறகு பிணைத் தொகையைக் குறைத்துத்தான் வேலை தொடங்கியது. 1795 ஜூலை 31 இல் முதல் 744 அரைக் கழுகுகள் வெளியே வந்தன.

அவற்றைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் சிலவற்றின் முகத்தில் இணைகோடுகளாகக் கீறல்கள் தெரியும். முதலில் பார்க்கிறவருக்கு யாரோ காசைப் பழுதாக்கியிருக்கிறார்கள் எண்டுதான் தோன்றும். உண்மையில் அவை அரத்தால் ராவிய அடையாளங்கள். அச்சில் வைக்க முதல் ஒவ்வொரு வில்லையையும் நிறுத்துப் பார்ப்பார்கள். எடை கூடினால் அரத்தால் கொஞ்சம் ராவிச் சரியாக்குவார்கள், குறைந்தால் திரும்ப உருக்கப் போகும். இந்த வேலைக்கு 1795 இல் சேரா வால்ட்ரேக், றேச்சல் சமர்ஸ் என்ற இரண்டு பெண்கள் எடுக்கப்பட்டார்கள். அமெரிக்க அரசாங்கத்தில் வேலை செய்த முதல் பெண்களுக்குள் இவர்களும் அடங்குவர். காசின் முகத்தில் இருக்கும் லிபர்ட்டி ஒரு கற்பனைப் பெண். கீறல் ஓர் உண்மையான கையிலிருந்து வந்தது. அது யாருடைய கை என்று ஒவ்வொரு காசுக்கும் சொல்ல முடியாது. ஆனால் ஏலப் பட்டியலில் "சீர்செய்த கீறல்கள் உண்டு" எண்டு ஒரு வரி வரும்போது எங்களுக்கு இப்ப ஒரு மேசையும் தராசும் அரமும் தெரிகிறது.

அச்சுகளும் கைவேலைதான். எழுத்து எழுத்தாக, நட்சத்திரம் நட்சத்திரமாக உருக்கு அச்சில் குத்துவார்கள். அதனால் ஓர் அச்சைப் போல் மற்றது இராது. மாநிலங்கள் கூடக்கூட நட்சத்திரமும் கூடியது. முதலில் 15, 1796 இல் டென்னசி சேர்ந்ததும் 16. இப்படியே போனால் இடம் காணாது என்று திரும்ப 13 க்கு இறங்கிவிட்டார்கள். உருக்கு விலை கூடிய பொருள், ஆகவே ஆண்டு முடிந்தது என்பதற்காக அச்சை எறிவதில்லை. 1802 அரைக் கழுகில் 2 க்கு அடியில் பழைய 1 இன்னும் தெரியும். 1795 எண்டு ஆண்டு போட்ட சில காசுகளின் பின்பக்கத்தில், 1795 இல் இருந்தேயிராத பெரிய கேடயக் கழுகு இருக்கிறது. அவை சில வருடம் கழித்துப் பழைய அச்சால் அடிக்கப்பட்டவை. இந்த வேறுபாடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்த முன் அச்சு எந்தப் பின் அச்சோடு சேர்ந்தது எண்டு பட்டியல் போட்டவர்களில் முக்கியமானவர் டெக்சாஸ் மாநிலத்தின் ஹரி பாஸ். அவர் இறந்த பிறகு ஜோன் டன்ரொய்தர் அந்தக் குறிப்புகளை விரித்து 2006 இல் புத்தகமாக்கினார். சேகரிப்பவர்கள் இன்று ஒரு காசை அடையாளம் சொல்வது அந்தப் புத்தகத்தின் இலக்கத்தால்தான். பெறுமதி எழுதாத காசுக்கு இருநூறு வருடம் கழித்து இப்படி ஓர் இலக்கம் வந்து சேர்ந்தது.

இனி விலைக்கு வருவோம். விலைக்குக் காரணம் அருமை, அருமைக்குக் காரணம் உருக்கல், உருக்கலுக்குக் காரணம் சட்டம்.

1792 சட்டம் ஒரு அவுன்ஸ் தங்கத்துக்கு 15 அவுன்ஸ் வெள்ளி சமன் என்று வகுத்தது. ஐரோப்பாவில் தங்கம் அதைவிட விலை கூட. பிரான்சில் 1803 இல் வந்த சட்டம் 15.5 என்றது. இந்த அரை அவுன்ஸ் வித்தியாசம் போதும். அமெரிக்காவில் 15 அவுன்ஸ் வெள்ளியைக் கொடுத்து ஒரு அவுன்ஸ் தங்கக் காசு வாங்கி, கப்பலில் ஏற்றி, பாரிசில் கொடுத்தால் பதினைந்தரை அவுன்ஸ் வெள்ளி. அடித்த காசு சந்தைக்கு வர முதலே துறைமுகத்துக்குப் போனது. 1804 இல் பத்து டொலர் காசை நிற்பாட்டினார்கள், 1838 வரைக்கும் திரும்ப அடிக்கவில்லை. ஐந்து டொலர் காசு தொடர்ந்து அடிக்கப்பட்டு, தொடர்ந்து காணாமல் போனது.

1834 ஜூனில் இன்னொரு சட்டம் வந்தது. புதுத் தங்கக் காசின் எடையைக் குறைத்தார்கள். ஐந்து டொலர் என்ற பெயர் அப்படியே, உள்ளே இருக்கிற தங்கம் குறைவு. அன்றிலிருந்து பழைய அரைக் கழுகு ஒன்றில் புது ஐந்து டொலர் 33 சதத்துக்கான தங்கம் இருந்தது. இதைக் கணக்குத் தெரிந்தவர் எவரும் செலவழிப்பாரா? ஏற்கெனவே வெளிநாடு போகாமல் மிஞ்சியவையும் இப்ப உலைக்குப் போயின.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர்களில் தெற்கு மாநிலங்களின் தங்கச் சுரங்கக்காரரும் அடக்கம். அந்தத் தங்கத்தின் கதை 1799 இல் வட கரோலினாவில் தொடங்குகிறது. கொன்ராட் ரீட் என்ற 12 வயதுப் பெடியன் ஓர் ஓடையில் மஞ்சள் கல்லொன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஏழரைக் கிலோவுக்கு மேல். மூன்று வருடம் அது வீட்டில் கதவு அடைபடாமல் முட்டுக்கொடுக்கக் கிடந்தது. 1802 இல் தகப்பன் அதை ஒரு நகைத்தொழிலாளியிடம் கொண்டுபோனார். என்ன விலை வேண்டும் என்று கேட்க, அவர் சொன்னது மூன்றரை டொலர். தங்கமாகப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் பெறுமதி. ஒரு பொருளின் பெறுமதி அதற்குள் இருக்கிறது எண்டு நம்புகிறவர்களுக்கு நாங்கள் இந்தக் கதையைச் சொல்வோம். ஏழரைக் கிலோவும் அந்த மூன்று வருடமும் அதற்குள்ளேதான் இருந்தது.

அடுத்த வருடம், 1803 இல், அதே ஓடையில் இன்னும் பெரிய கட்டி ஒன்று அகப்பட்டது. 28 இறாத்தல். எடுத்தவர் பீற்றர் என்ற அடிமை. வரலாற்றில் அவருக்கு அந்த ஒற்றைப் பெயர்தான். கட்டியும் அவருடையதில்லை, கையும் அவருடையதில்லை. 1804 தொடக்கம் வட கரோலினாவின் தங்கம் பிலடெல்பியா நாணயச்சாலைக்குப் போகத் தொடங்கியது.

1820களின் கடைசியில் ஜோர்ஜியாவில் தங்கம் அகப்பட்டது. அது செரோக்கி மக்களின் நிலம். மாநில அரசாங்கம் அந்த நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து 1832 இல் லொத்தர் போட்டுத் தன் வெள்ளைக் குடிமக்களுக்குக் கொடுத்தது. நாங்கள் சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே சீட்டுக் குலுக்கல். 1838 இல் படை வந்து செரோக்கி மக்களை ஊர்களிலிருந்து பிடித்து, மேற்கே ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேல் துரத்தியது. வழியிலும் முகாம்களிலும் ஆயிரக்கணக்கானோர் செத்துப்போனார்கள். அதே 1838 இல் ஜோர்ஜியாவின் டலோனெகா என்ற ஊரில் அமெரிக்க நாணயச்சாலையின் கிளை தங்கக் காசு அடிக்கத் தொடங்கியது. எங்களில் வரலாறு படிக்கிறவர் இந்த இரண்டு திகதிகளையும் ஒரே வரியில் எழுதி எங்களுக்குக் காட்டினார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை. காணி போவது என்றால் என்ன எண்டு எங்கட ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இப்ப 1822 காசுக்குத் திரும்புவோம். அந்த வருடக் கணக்கில் 17,796 அரைக் கழுகுகள் இருக்கின்றன. இன்று தெரிந்தவை மூன்று. ஒன்று நாணயச்சாலையின் சொந்தச் சேகரிப்பில் இருந்து ஸ்மித்சோனியன் நூதனசாலைக்கு வந்தது. இன்னொன்று மருந்துக் கொம்பனிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசையா லில்லி சேர்த்த ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தங்கக் காசுகளோடு 1968 இல் அதே நூதனசாலைக்குப் போனது. மூன்றாவது மட்டும் தனியார் கையில். லூயிஸ் எலியாஸ்பேர்க் வைத்திருந்து, 1982 ஏலத்தில் 687,500 டொலருக்கு பிரென்ட் போக் வாங்கி, 2021 இல் 84 இலட்சத்துக்குப் போனது.

பக்கத்தில் 1815 காசை வைத்துப் பாருங்கோ. அந்த வருடம் அடித்தது வெறும் 635. மிஞ்சியவை பதினொன்று அளவில். 635 இல் பதினொன்று மிஞ்ச, 17,796 இல் மூன்றுதான் மிஞ்சியிருக்கிறது. ஆகவே எத்தனை அடித்தார்கள் என்ற தொகையைப் பார்த்து விலை சொல்லக்கூடாது என்பதுதான் இந்தத் துறையின் முதல் பாடம். அந்தத் தொகைகூட, அந்த வருடம் நாணயச்சாலை கையளித்த காசுகளின் எண்ணிக்கைதான். அவற்றில் எந்த ஆண்டு பொறித்திருந்தது என்பது வேறு விசயம். விலையைத் தீர்மானிப்பது மிஞ்சியது. எங்கள் கணக்கியல் நண்பரின் கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான். எட்டுக் கிராமுக்கு மேல் இருக்கிற காசு, உருகிப்போன மற்ற 17,793 காசுகளுக்குக் கொடுக்கிற காசு.

எல்லாமே இப்படி இலட்சக்கணக்கில் இல்லை. 1806 அரைக் கழுகு அறுபதினாயிரத்துக்கு மேல் அடிக்கப்பட்டது, மிஞ்சியவையும் ஓரளவு உண்டு. புழங்கித் தேய்ந்த ஒன்று சில ஆயிரம் டொலரில் தொடங்கும். சேகரிப்பவர்களில் அனேகம் பேர் ஆண்டுக்கு ஒன்று எண்டு தேடுவதில்லை, வடிவத்துக்கு ஒன்று எண்டு சேர்க்கிறார்கள். சின்னக் கழுகு ஒன்று, கேடயக் கழுகு ஒன்று, 1807 க்குப் பிந்திய இலக்கம் போட்ட காசு ஒன்று. அதற்கே ஆயுள் போய்விடும்.

உலையிலிருந்து தப்பியவை 1933 இல் இன்னொரு தடவை தப்ப வேண்டியிருந்தது. அந்த ஏப்ரலில் ஜனாதிபதி றூஸ்வெல்ட் மக்கள் தங்களிடம் இருக்கும் தங்கத்தை வங்கியில் ஒப்படைக்க வேண்டும் என்று கட்டளை போட்டார். ஆளுக்கு நூறு டொலர் அளவுக்கு வைத்திருக்கலாம். இன்னொரு விலக்கும் இருந்தது. சேகரிப்பவர்கள் தனிப் பெறுமதி கொடுக்கும் அரிய காசுகளைக் கொடுக்கத் தேவையில்லை. அப்போதைய நிதிச் செயலாளர் வில்லியம் வூடின் தானே பேர்போன காசு சேகரிப்பாளர் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஒரு தொழிலாளி சேமித்த சாதாரணத் தங்கக் காசு அவுன்ஸுக்கு 20.67 டொலர் எண்டு போனது. அடுத்த வருடமே அரசாங்கம் தங்கத்தின் விலையை 35 ஆக்கியது. சேகரிப்பவரின் காசு சேகரிப்பவரிடமே இருந்தது. எது வெறும் தங்கம், எது வரலாறு என்று ஒரு கட்டளை பிரித்து வைத்தது.

அருமைக்கு அடுத்தது நிலை. காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, மினுக்கம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்து 1 தொடக்கம் 70 வரை ஓர் எண் கொடுக்கிறார்கள். 60 க்கு மேல் போனால் புழங்காத காசு. இதைத் தரப்படுத்தல் என்பார்கள். எங்கட ஆக்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே வேற ஞாபகம் வரும், அதை விடுவம். 1986, 1987 இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரண்டு கொம்பனிகள் காசைப் பரிசோதித்து, எண் போட்டு, பிளாஸ்ரிக் பெட்டியில் அடைத்துக் கொடுக்கின்றன. ஓர் எண் கூடினால் விலை பல மடங்கு போகலாம். இப்ப பெட்டியையே போலியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எங்களுக்கு இதில் பிடிபடக் கஷ்டமாக இருந்தது, சுத்தம் செய்தால் விலை விழும் என்ற விசயம். எங்கட ஊரில் நகையை மினுக்கக் குடுக்காத வீடு இருக்கா? பழைய தங்கக் காசை ஒருதரம் மினுக்கினால் இருநூறு வருடத்தில் ஏறிய நிறமும் மேற்பரப்பும் போய்விடும், திரும்ப வராது. ஓட்டை போட்டுச் சங்கிலியில் கோர்த்தது, வளையம் ஒட்டிக் கழற்றியது, ஓட்டையைத் தங்கத்தால் அடைத்தது எல்லாமே 'பழுது' கணக்கில் போகும், சாதாரண எண் கிடையாது. காசுமாலை கட்டிய சனத்துக்கு இது விசித்திரம். கழுத்தில் கிடந்த காசு பழுது, பெட்டிக்குள் கிடந்த காசு உயர்வு. நூறு வருடம் ஒரு பெண்ணின் கழுத்தில் கிடந்தது எண்டால் அதுவும் ஒரு வரலாறுதானே எண்டு எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. முடிவு வரவில்லை. ஆனால் நாணயச்சாலையின் அரம் கீறிய கீறல் பிறப்போடு வந்ததாம், பழுது இல்லையாம்.

அந்த 70 வரையான அளவுகோலைச் செய்தவர் வில்லியம் ஷெல்டன். 1949 இல், பழைய செப்புச் சதங்களுக்காகச் செய்தார். முதலில் அது நேரடியாக விலைக் கணக்கு. 1 என்ற நிலையில் இருக்கும் காசைவிட 70 இல் இருப்பது எழுபது மடங்கு விலை. இந்த ஷெல்டன் தொழிலால் உளவியலாளர். மனித உடம்புகளையும் படம் பிடித்து, ஒவ்வொரு உடம்புக்கும் மூன்று இலக்கத்தில் ஓர் எண் போட்டு, அந்த எண்ணிலிருந்து ஒருவரின் குணத்தையும் குற்றம் செய்யும் போக்கையும் சொல்லலாம் என்று வாதிட்டவர். காசுக்கான அளவுகோல் நிலைத்தது. மனிதருக்கானதை விஞ்ஞானம் கைவிட்டது. ஒரே ஆள், ஒரே பழக்கம்.

மனிதருக்கு எண் போடுவது என்றதும் 1796 க்குப் போக வேண்டும். அந்த வருடம் பிலடெல்பியா நாணயச்சாலையில் 4,146 பத்து டொலர் காசுகள் அடித்தார்கள். எல்லாவற்றிலும் லிபர்ட்டி என்ற சொல். நாணயச்சாலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டனின் வீடு. அங்கே ஓனா ஜட்ஜ் என்ற அடிமைப் பெண் ஜனாதிபதியின் மனைவிக்குப் பணிவிடை செய்தாள். வயது இருபதுகளின் தொடக்கம். தன்னை எசமானியின் பேத்திக்குக் கலியாணப் பரிசாகக் கொடுக்கப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிய வந்தது. மே மாதம் ஒருநாள், வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் வெளியே போய்விட்டாள். கப்பலேறி நியூ ஹம்ப்ஷயருக்குப் போனாள். ஜனாதிபதி வீட்டு நிர்வாகி பத்திரிகையில் விளம்பரம் போட்டார். அவளை நகரத்துக்குள் பிடித்துக்கொண்டு வருகிறவருக்குச் சன்மானம் பத்து டொலர்.

பத்து டொலர் எண்டால் ஒரு கழுகு. 17.5 கிராம், 22 கரட், முகத்தில் லிபர்ட்டி.

அந்தக் காசில் இலக்கம் இல்லை, விளம்பரத்தில் இருந்தது. அவளைத் தேடி ஆட்கள் போனார்கள், அவள் திரும்பி வரவில்லை. கலியாணம் கட்டி, பிள்ளைகளைப் பெற்று, வறுமையில் வாழ்ந்து, 1848 இல் இறந்தாள். சட்டத்தின் கண்ணில் கடைசி நாள்வரைக்கும் தப்பியோடிய அடிமை. 1840களில் பத்திரிகைக்காரர் போய்க் கேட்டபோது தன் கதையைத் தன் வாயால் சொன்னாள். இன்று 1796 கழுகு ஒன்று ஏலத்துக்கு வந்தால், பட்டியலில் அதன் பழைய சொந்தக்காரர் எல்லாரின் பெயரும் வரிசையாக வரும். அந்த வரிசை அனேகமாகப் பெரிய சேகரிப்பாளர்களோடு தொடங்கும். அதற்கு முதல் யார் கையில் இருந்தது, என்னத்துக்குக் கொடுக்கப்பட்டது என்பது அதில் இராது.

நாங்கள் இதனால் காசு சேர்ப்பது பிழை என்று சொல்ல வரவில்லை. சேர்த்தவர்கள் இல்லாவிட்டால் மூன்று காசும் மிஞ்சியிராது, ராவிய கீறலும் நாங்கள் பார்த்திருக்கமாட்டோம். காசை இவ்வளவு கவனமாகப் பார்க்கிற கண், அதே கவனத்தோடு காசைச் சுற்றியும் பார்க்கலாம் என்பதுதான் எங்கட கதை. இப்ப ஒரு காசின் படம் திறந்தால் நாங்கள் வரிசையாகக் கேட்பது இவைதான். எடை என்ன? எத்தனை மிஞ்சியது, மற்றது ஏன் உருகியது? மேற்பரப்பில் இருப்பது யார் வைத்த அடையாளம்? அந்த வருடம் அந்தக் காசால் என்ன வாங்க முடிந்தது? கடைசிக் கேள்விக்குப் பதில் பட்டியலில் கிடைக்காது, வேறெங்காவது போய்த் தேட வேண்டும்.

உங்களில் சிலரின் வீட்டில், தாலிக்கொடியிலோ பழைய நகைப் பெட்டியிலோ ஒரு பவுண் காசு இருக்கலாம். அதையும் இப்படிப் பார்க்கலாம். யாருடைய தலை, எந்த ஆண்டு என்று குறித்துக்கொள்ளுங்கோ. ஆண்டுக்குக் கிட்ட ஒரு சின்ன எழுத்து இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கோ. அது எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று சொல்லும். அவுஸ்திரேலியாவில் அடித்தவை உண்டு, 1918 இல் பம்பாயில் அடித்தவையும் உண்டு. பிறகு அது யாரிட்டயிருந்து எப்படி வீட்டுக்கு வந்தது எண்டு அம்மம்மாவிடம் கேளுங்கோ, அவ சொல்லுறதை எழுதி வையுங்கோ. காசை மட்டும் மினுக்கக் குடுக்க வேண்டாம்.